மூத்தவளும் சனியனும்

சுவிட்சைப் போட்டதும் அவர் வாத்தியத்தின் கட்டையில் கை வைப்பதில்லை. குனிந்து, கருவியின் முதுகில் இருக்கும் காற்றுத் துளைகளில் மூக்கை வைத்து ஒரு முறை நன்றாக இழுத்துப் பார்ப்பார். சூடேறும் தூசி வாசனை வந்தால் சரி. கருகல் வாசனை என்றால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுவார். வாசனை திருப்தியாக இருந்தாலும் அவசரம் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னால், "தூங்கி எழுந்தவனை மூஞ்சி கூட கழுவ விடாம பாடச் சொன்னா பாடுவானா? சூடு ஏறட்டும், இருங்க," என்பார்.

மெல்லிசைக் குழுவில் அவருக்குக் கீபோர்டு அண்ணன் என்று பேர். கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா, ஓட்டல் மாடியில் பிறந்தநாள் என்று எங்கே மேடை போட்டாலும் இடது ஓரத்தில் அவர் இருப்பார். ஆனால் அந்தப் பேரில் அவருக்குப் பாதிதான் சம்மதம். அண்ணன் சரி, கீபோர்டு தப்பு. தான் வாசிப்பது சிந்தசைசர் என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டால், கேட்டவர் பாடு திண்டாட்டம்தான். "கீபோர்டுன்னா கட்டி முடிச்ச வீடு, போய்க் குடியேறிடலாம். சிந்தசைசர்னா செங்கல்லும் மணலும்தான் குடுப்பான். வீட்டை நாமதான் கட்டிக்கணும்," என்று ஆரம்பிப்பார். எவ்வளவு மணல், எவ்வளவு செங்கல் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருக்கும் காபி ஆறி ஆடை கட்டிவிடும்.

வீட்டின் பின்னறை முழுக்க அவர் வாங்கிச் சேர்த்தவைதான். கம்பெனிப் பெயரைச் சொல்லி அவர் எதையும் குறிப்பிட்டதில்லை. எல்லாமே சொந்தபந்தம். ஒன்று சம்பந்தி: பழைய ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டது, பார்க்க மிடுக்கு, உள்ளே சரக்கில்லை. இன்னொன்று வீட்டோடு மாப்பிள்ளை. வெளிநாடு போன நண்பர் ஒருவர் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டுப்போய், பிறகு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்ட பெரிய கருவி. கட்டில் அளவு இடத்தை அடைத்துக்கொண்டு, சம்பாதிக்காமல் சாய்ந்து நிற்கிறது. விருந்தாளி வந்தால் அதன்மேல் துண்டு காயப்போடுவார்கள்.

இவற்றில் அவருடைய உயிர் மூத்தவள். கல்யாணத்துக்கு முன்பே, மூடப்போகும் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வாங்கி வந்தது என்பதால் அந்தப் பேர். அவர் மனைவியே, "அவ மூத்தவ, நான் இளையவ. சண்டை போட்டு என்ன ஆகப்போகுது?" என்று சிரித்துக்கொண்டு சொல்லுவாள். இரண்டு பக்கமும் மரச்சட்டம். நெற்றி நிறையக் குமிழ்கள். ஒரு ஒலியை உண்டாக்கினால் அதைச் சேர்த்து வைக்க அதற்குள் வழியில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து குமிழ்களைத் திருகித்தான் கொண்டுவர வேண்டும். அதற்காக அவர் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. கையே போய் அந்தந்தக் குமிழில் நிற்கும். அந்த ஒலியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டுவார், அவ்வளவுதான்.

இத்தனை அருமையான மூத்தவள் சம்பாதித்துக் கொடுத்தாளா என்றால், அதுதான் இல்லை. குளிர் பட்டால் சுருதி விலகிவிடும். ஏசி போட்ட ஓட்டல் மண்டபத்தில் ஒரு தடவை ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போனார். பாட்டின் நடுவே சுருதி நகர ஆரம்பித்தது. பாடகி அதையே பிடித்துக்கொண்டு போக, கிட்டார்க்காரர் இரண்டுங்கெட்டானாக விழிக்க, பாட்டு ஆரம்பித்த இடம் ஒன்று, முடிந்த இடம் வேறு. மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். பாடகி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அதற்கப்புறம் மூத்தவள் வாசல் தாண்டவில்லை.

சோறு போட்டதெல்லாம் சனியன். ஊரில் எல்லாக் குழுவும் ஒரே மணியோசைதான் வேண்டும் என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த ஓசைக்காகவே வேறு வழியில்லாமல் வாங்கியது. வாங்கிய அன்றே பிடிக்காமல் போய்விட்டது. குமிழே கிடையாது. தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை, அதற்குள் அறைக்குள் அறையாகப் போய் ஒன்றை மாற்றிவிட்டு வழி தெரியாமல் திரும்பி வர வேண்டும். ஓசையோ, "தகரக் கொட்டாய்ல ஆணியைக் கொட்டின மாதிரி". கேட்டால் காது கிழிகிறது, மண்டை குடைகிறது என்று பொரிந்து தள்ளுவார். அதைவிடப் பெரிய குற்றம், அது ஒரு நாளும் பழுதாகாதது. "ரிப்பேராவது ஆகுதா பாரு. ஆயிட்டா, தலையைச் சுத்தி எறிஞ்சிடலாம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாதித்து வருவார். மணியோசை மோகம் ஒருவழியாக ஓய்ந்ததும் பழைய போர்வையில் சுற்றி அலமாரியின் தலையில் ஏற்றிவிட்டார். அதோடு விட்டது சனியன் என்று அன்றைக்கு ஒரு முழுக்குப் போட்டார். அதற்கப்புறம் மேடைக்குக் குழுவே வாங்கி வைத்த கருவிதான்.

அவர் மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். காது மிஷினுக்குப் பொத்தான் பேட்டரி வாங்க வருகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். பேச்சு கேட்கிறது, மணியடித்தால்தான் கேட்கவில்லை என்று அவர்கள் வீட்டார் முதலில் சொல்லிக்கொண்டு வருவார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் தன் வீட்டில் நடப்பது அவளுக்கு வேறு யாரையும்விடச் சீக்கிரம் புரிந்தது. ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாமல் அது பீப் பீப் என்று கத்தும்போது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பேசுவதெல்லாம் நன்றாகக் கேட்கும். அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மெல்லிய, உச்சத்தில் இருக்கிற ஓசைகள் மட்டும் ஒவ்வொன்றாக அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

வீட்டில் ஃபிரிட்ஜ் கத்தினால் பெரிதில்லை. மேடையில்தான் வினை. தன் ஒலி மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கூர்மையைக் கூட்டிக்கொண்டே போனார். முன்வரிசையில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. குழுவின் சவுண்டுக்காரர் ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணன் அனுப்புகிற ஓசையில் குத்துகிற பாகத்தையெல்லாம் தானே தன் மிக்ஸர் மேசையில் குறைத்துவிடுவதாகவும், அவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் யாரும் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னார். அத்தனை பேரும் சேர்ந்து அவரைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த சவுண்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. புதிதாக வருகிறவருக்கு அண்ணனும் தெரியாது, கதையும் தெரியாது. அடுத்த மேடையிலேயே எல்லார் முன்னாலும் விஷயம் சந்தி சிரித்துவிடும். அதற்குமுன் யாராவது சொல்லியாக வேண்டும். அந்த யாராவது அவள்தான்.

சொல்ல வாயெடுப்பாள், சாப்பாடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். கடைக்கு வருகிறவர்களிடம் எவ்வளவோ கசப்பான சங்கதியைப் பக்குவமாகச் சொல்லிப் பழகியவள்தான். ஆனால் இந்த மனிதரிடம் காதைத் தவிர வேறு சொத்து கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். அவர்மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியமே சொல்ல விடவில்லை.

இதற்கிடையில் வீட்டுச் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கிடைத்த புது வீட்டில் பின்னறை இல்லை. கூடத்து ஜன்னலோரம் ஒன்றே ஒன்றுதான் வைக்கலாம். மிச்சத்தைப் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலை வேனில் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. எது தங்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூத்தவளைக் கட்டிக் கொண்டுபோவதற்காக அவள் தன் பழைய மெத்தையைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொடுக்கிற பொருள் ஓடுகிறதா என்று பார்த்துத்தானே கொடுக்க வேண்டும் என்று சனியனைக் கீழே இறக்கினார். போர்வையை உதறினார், தும்மினார், மோந்து பார்த்தார். பழைய மணியோசையை வரவழைத்து மேல்பக்கம் ஒரு ஓட்டு ஓட்டினார். அடுக்களையில் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு உச்சந்தலையில் ஊசி இறங்கிய மாதிரி இருந்தது. கையில் இருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

அவர் முகமெல்லாம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். மறுபடியும் ஓட்டினார். தலையை ஆட்டினார்.

"இங்க வந்து கேளேன். பழுத்துடுச்சு," என்றார். "அந்தக் குத்தல் எல்லாம் போயி, எவ்வளவு பதமா இருக்கு பாரு. மரத்துல செஞ்ச வாத்தியம்தான் பழகப் பழக இனிக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். இதுக்குள்ளயும் என்னமோ நடந்திருக்கு."

அதற்கு அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டார். இத்தனை காலம் போர்வைக்குள் வெயிலும் குளிருமாகக் கிடந்ததில் உள்ளே இருக்கிற பாகங்கள் தளர்ந்து இளகியிருக்க வேண்டுமாம். தொழிலில் ஊறிய ஆளுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். நம்மைப் போன்றவர்கள் ஓசை குறைந்தால் காதைச் சந்தேகப்படுவோம். அவர் தன் காதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டே பிழைத்தவர்.

பேசிக்கொண்டே இன்னொரு படி மேலே போனார். மூத்தவள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவள், சுருதியும் நிற்பதில்லை. இவனோ மேடைக்கும் வருவான், இப்போது குணமும் வந்துவிட்டது. இத்தனை நாள் ஒருத்தனை அநியாயமாகத் திட்டித் தீர்த்த பாவம் வேறு இருக்கிறது. ஆகவே சனியன் தங்கட்டும், மூத்தவளை வாத்தியாருக்குக் கொடுத்துவிடலாம்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பெரிய துரோகம்.

"ஏங்க, அது பழுக்கல," என்றாள்.

அவர் சிரித்தார். உனக்கு இதெல்லாம் தெரியாதம்மா என்கிற சிரிப்பு.

"அது அப்படியேதான் இருக்கு. எனக்கு இங்க நிக்க முடியல."

அவர் விரல் தானாக மேலே போய்க் கடைசிக் கட்டையை அழுத்தியது. அவள் தோள்பட்டை குலுங்கியதையும் கண் இறுகியதையும் பார்த்தார். விரலை எடுத்தார். தோள் இறங்கியது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதே குலுக்கல். மூன்றாவது முறை காதைக் கருவிக்கு அருகில் கொண்டுபோய் அழுத்தினார்.

"கட்டை தட்டுற சத்தம்தான் கேக்குது," என்றார் மெதுவாக. "அதுக்கு மேல எங்கயோ தூரத்துல லேசா."

அவள் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபிரிட்ஜ் கதையைச் சொன்னாள். சவுண்டுக்காரர் மேசையில் செய்து வந்ததைச் சொன்னாள். அவர் போகிறார், புது ஆள் வருகிறார் என்பதைச் சொன்னாள். காது டாக்டர் ஒருவர் தன் கடைக்கு மேல்மாடியிலேயே உட்காருகிறார் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. யார் யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார். எல்லாருக்கும் என்றாள். பாடகிக்குமா என்றார். அவளுக்கும்தான். சனியனின் சுவிட்சை அணைத்துவிட்டு, "நல்ல பசங்க," என்றார். அதைச் சொல்லும்போது முகம் கோணிக்கொண்டது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

வேன் வந்துவிட்டது. பாட்டு வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எது எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பவ்யமாகக் கேட்டார். இவர் சனியனைக் காட்டினார். சம்பந்தியையும் வீட்டோடு மாப்பிள்ளையையும் காட்டினார். சனியனைப் பற்றி, இது ஒரு நாளும் பழுதாகாது, ஆனால் பிள்ளைகள் காதுக்குக் கொஞ்சம் குத்தும், பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள் என்று எச்சரித்தார். வண்டியில் ஏற்றக் கூடவே ஒரு கை கொடுத்தார்.

வேன் போன பிறகு அறை வெறிச்சோடிக் கிடந்தது. பாத்திரம் சுற்ற எழுந்தவளை, இரு என்று கையைக் காட்டி நிறுத்தினார். முக்காலியை எடுத்துத் தனக்கு எதிரே, மூத்தவளுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்காரவைத்தார். மேல்கோடிக் கட்டையை வலது கையால் அழுத்திப் பிடித்தார். இடது கை கூர்மையைக் கூட்டுகிற குமிழில் இருந்தது. கட்டையையும் பார்க்கவில்லை, குமிழையும் பார்க்கவில்லை. மனைவியின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு, அதில் விழுந்திருந்த சுருக்கம் விரிகிறவரை குமிழை மெல்ல மெல்லப் பின்னால் திருகினார்.