மருந்து சேர்க்காத கரும்புச் சாறு

என் நண்பனுக்குக் கொடுத்த கரும்புச் சாற்றில் மருந்து சேர்த்திருப்பதாகப் பொய் சொன்னேன். அதைக் குடித்து அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதன் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆய்வுக்கூடத்தில் அழுத்த இயந்திரம் என் பொறுப்பில் இருந்தது. பீங்கான் தூளை ரப்பர் பையில் அடைத்துத் இயந்திரத்தின் தண்ணீருக்குள் இறக்கினால், அந்தத் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நெருக்கும். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திய அந்த நண்பன் மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவான். தூளுக்குப் பதிலாகச் சாற்றை வைத்தால் என்ன என்று கேட்டவன் அவன்தான். காய்ச்சினால் சாற்றின் ருசி கெடும், அழுத்தினால் கெடாது. ஆனால் என் இயந்திரத்தின் அழுத்தம் எல்லாக் கிருமிகளையும் கொல்லப் போதாது. அதனால், பாலில் வளரும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் நிசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சிறிது சேர்ப்பான். அழுத்தத்தில் கிருமியின் உறை தளர, மருந்து உள்ளே நுழைந்துவிடும்.

சாறு பிசுபிசுக்கும் கையோடு டீக்கடையில் நாங்கள் நின்ற மாலைகளுக்காக மனம் இன்னும் ஏங்குகிறது. "உன் மிஷினு கிருமிய அமுக்கித் தூங்க வைக்குது மச்சான். கொல்றது என் மருந்து" என்பான். கடையே சிரிக்கும். எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

ரம்ஜான் மாதம் வந்தது. நோன்பு திறக்க மனைவி கரும்புச் சாறு கேட்கிறாள் என்றான். நான் நிசின் சேர்க்காமல் அழுத்தி, சேர்த்தாயிற்று என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லாரும் குடித்து முடித்ததும் உண்மையைச் சொல்லி, என் இயந்திரம் மட்டுமே போதும் என்று அவனை மடக்குவதாக எண்ணம். சாறு சில நாள் ஃபிரிட்ஜில் இருந்திருக்கிறது. அடிபட்டு மயங்கிக் கிடந்த கிருமிகள் தேறிப் பெருகிவிட்டன.

மனைவி பிழைத்தாள். அவனோ, மருந்தை நம்பிய தன் புத்திதான் அவளைப் படுக்க வைத்தது என்று முடிவு கட்டினான். ஆராய்ச்சியை நிறுத்தினான். வேலையையும் விட்டுவிட்டு, வளைகுடாவில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கப் போனான். வழியனுப்பப் போன நான், நல்லபடியாகப் போய்வரச் சொன்னதோடு சரி.

பிறகு ஒரு விடுப்பில் அவன் வந்திருந்தபோது, வீடு தேடிப் போய், அவன் மனைவியும் இருக்கையிலேயே சொல்லிவிட்டேன்.

"அப்போ மருந்து தோக்கலையா?" என்று மட்டும் கேட்டான்.

"தோக்கல. அதுல மருந்தே இல்ல."

அவன் திட்டவில்லை. அவன் மனைவிதான் பேசினாள்: "எனக்கு அந்த வாரமே சரியாயிடுச்சுங்கண்ணே. இவருக்குத்தான் இன்னும் ஆவல."

திரும்பச் செய்து பார்ப்போம், இயந்திரத்துக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன். கை மறந்துவிட்டது என்றான். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தான். பஸ் வரும்வரை மழையைப் பற்றிப் பேசினோம்.

அதன் பின் அவனிடமிருந்து போன் இல்லை. ரம்ஜானுக்கு அவன் வீட்டுக்கு நான் பேசுகிறேன். அவன் மனைவி எடுத்து, சாப்பிட்டீங்களா என்று விசாரிக்கிறாள். அவனுடைய வெளிநாட்டு நம்பரைக் கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அவளாகவும் தருவதில்லை.