மெஷினில் கட்டுண்டால் அம்மாவிடம் எப்படிப் போவேன்?

யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த யுத்த வருடங்கள் அவை. அம்மா அங்கே, நான் கண்டி அம்பிட்டியவில். எப்போதாவது தொலைபேசி கிடைத்தால் அம்மா ஒன்றைத்தான் கேட்பார்.

"பாதை திறந்தா வருவியோ பிள்ளை?"

"ஓம் அம்மா, வாறன்" என்பேன். பிறகு அழுவேன்.

எனக்குப் பல வருட நீரிழிவு. உடம்பும் பெருத்த உடம்பு. சிறுநீரில் புரதம் போகிறது, சிறுநீரகம் பழுதாகி வருகிறது, இப்படியே போனால் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். கிழமைக்குக் கிழமை மெஷினுக்கு ஓடுகிறவள் யாழ்ப்பாணம் போவது எப்படி? பாதை திறந்தாலும் எனக்குத் திறக்காதே! உடைந்துபோனேன்.

எங்கள் ஜெபக்குழு வெள்ளிதோறும் எனக்காக உபவாசம் இருந்தது. நானும் மாத்திரையை ஒதுக்கிவிட்டு இருந்தேன். மாலையில் உபவாசம் முடிக்க சகோதரிகள் இடியப்பமும் கேக்கும் கொண்டுவருவார்கள். வேண்டாமென்றால் மனம் நோகுமே என்று வளைத்துக்கட்டுவேன். ஒரு வெள்ளி மயங்கி விழுந்தேன்.

"மருந்தை விட்டிட்டு உபவாசம், பிறகு விருந்தோ?" என்று டாக்டர் ஏசினார். பிறகு, இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை பற்றிச் சொன்னார். எடை குறைந்து சர்க்கரை அடங்கினால் சிறுநீரகமும் தப்பலாம், ஆனால் உறுதி தரமுடியாதாம்.

எனக்குக் கோபம் வந்தது. சிறுநீரகத்துக்கு ஜெபித்தால் வயிற்றில் கத்தி வைப்பதா? குழுவை நடத்திய புசல்லாவை ராணியக்கா சிரித்தார்.

"எந்த வழியா சொகமாக்கணும்னு ஆண்டவருக்கு நீங்க சொல்லிக் குடுக்கப் போறீங்களா? பேசாம போய்ப் படுங்க. நாங்க ஜெபிக்கிறோம்."

சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போகும் வழியெல்லாம் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் இறக்கி விசாரித்தார்கள். "ஆண்டவரே, அம்மாவிடம் போகும்வரையாவது" என்பதற்குமேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

அந்த ஜெபத்தை அவர் கேட்டார். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து உடம்பு இறங்கியது. சிறுநீரில் போன புரதமும் பரிசோதனைக்குப் பரிசோதனை குறைந்தது. "பழுதானது பழுதானதுதான். ஆனா இப்ப மெஷின் தேவையில்லை" என்றார் டாக்டர். அந்த அறையிலேயே முழங்காலிட்டேன்.

யுத்தம் முடிந்தது. எத்தனையோ பேரை இழந்திருந்தோம், சந்தோஷம் என்று சொல்ல நா எழவில்லை. பாதை திறந்ததும் போனேன். அம்மா வாசல் படலையில் நின்று, என்னைத் தாண்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, பஸ்ஸிலை என்ர மகள் வரேல்லையோ? மொத்தமான உடம்புக்காரப் பிள்ளை."

"அம்மா, நான்தான்!"

கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "என்ன பிள்ளை இப்பிடி உருகிப்போனாய்? சாப்பிடுறேல்லையோ?" என்று ஓவென்று அழுதார்.

இன்றும் எனக்குக் கொஞ்சச் சோறுதான், மாத்திரையும் உண்டு. பிரியமானவர்களே, நீங்களும் யாரையோ காண ஏங்கிக்கொண்டிருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். மருந்தை விடாதீர்கள். அவர் காட்டும் வழி உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் நம்பி நடங்கள். என் அம்மா என்னைக் கண்ட பிறகு ஒரு மாரிகாலம்தான் உயிரோடிருந்தார். அந்த மாரி முழுவதும் நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.