வாழையோடு எடுத்த படம்

படம் பிடிக்க நிற்பதென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். கல்யாணப் படத்தில்கூட என் தலையில் வைத்த பூதான் தெரியும். அப்படிப்பட்டவள், கொரோனா வருஷத்தில் அரசாங்கப் பணத்துக்காகப் படத்துக்கு நிற்க வேண்டியதாயிற்று.

ஏரலுக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் வாழை உண்டு. கொஞ்சம் மரம் வெட்டுக்கு வந்து, மற்றதெல்லாம் குலை தள்ளுகிற நேரத்தில் ஊரடங்கு வந்தது. சந்தை இல்லை, லாரி இல்லை. முதலில் வெட்டிய குலைகள் கிடந்தே பழுத்து அழுகின. கையில் காசில்லை. ஆனி பிறந்தால் மேல்காற்று அடிக்கும். சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்காவிட்டால் குலையோடு நிற்கிற மரமெல்லாம் சாய்ந்துவிடும். கம்பு வாங்க என்ன செய்ய என்று இருந்தபோதுதான், விவசாயிகளுக்கு அரசு நிவாரணப் பணம் தருகிறது என்றார்கள். வீட்டுக்காரர் போனபிறகு பட்டா என் பேருக்கு மாறியிருந்ததால் என்னைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதற்கு நான் தோட்டத்தில் நிற்கிற படம் வேண்டுமாம்.

வேளாண்மை அலுவலர் வந்தார். நரைத்த தலைக்காரர்.

"அம்மா, ஆறடி தள்ளி நின்னு மாஸ்கைக் கழட்டுங்க."

தள்ளி நின்றேன். அவர் போனைத் தூக்கவும் இன்னும் ஓரடி பின்னால் போனேன். அப்புறம் இன்னும் ஓரடி. எடுத்துக்கொண்டு போனவர் நாலு நாளில் திரும்பி வந்தார்.

"ஆபீஸ்ல திருப்பிட்டாங்கம்மா. தோட்டம் இருக்கு, ஆளைக் காணலைங்காங்க."

படத்தைக் காட்டினார். வாழை இலைகளுக்கு நடுவே என் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது.

அடுத்த தோட்டம் என் அண்ணன் பெஞ்சாதியுடையது. சத்தம் கேட்டு வந்த மதினி படத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, பொண்ணு பாக்கவா வந்திருக்காவ? ஒத்தைக் காலுக்கு எந்த அரசாங்கம் காசு தரும்? நிமிந்து நில்லு."

நின்றேன். சேலைத் தலைப்பு தானாக வாய்க்குப் போனது. அலுவலர் கையை எடுக்கச் சொன்னார், தலை குனிந்தது. தலையை நிமிர்த்தச் சொன்னார், கண் மூடிக்கொண்டது.

"இன்னைக்குத்தாம்மா கடைசி நாள்," என்றார் பாவம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வீசியது. இருந்ததிலேயே பெரிய குலை போட்டிருந்த மரம் சாய்ந்தது. ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். தண்டு கழுத்தை அழுத்துகிறது, கால் சேற்றில் வழுக்குகிறது.

"ஏலே, பாத்துக்கிட்டா நிக்க? வந்து பிடிலே!"

சத்தம் என் தொண்டையிலிருந்துதான் வந்தது. அவர் முதலில் போனை அமுக்கினார், பிறகுதான் ஓடி வந்து பிடித்தார். மதினி கயிற்றால் மரத்தைப் பக்கத்து மரத்தோடு இழுத்துக் கட்டினாள்.

"சார், வாய் தவறி ஏலேன்னுட்டேன்," என்றேன்.

"பரவால்லம்மா, வீட்ல இதைவிடக் கூடுதலா வாங்குதேன்."

படத்தில் தோளில் வாழை, சேலையெல்லாம் சேறு, ஆவென்று திறந்த வாயில் இரண்டு பல் இல்லாதது பளிச்சென்று தெரிந்தது. அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மதினி விடவில்லை.

"அனுப்புங்க சார். இதைப் பாத்தும் விவசாயி இல்லேன்னு சொல்லுவாவளா?"

ஆபீசில் திருப்பவில்லை. மேல்காற்றுக்கு முந்திப் பணம் வந்தது. கம்பு வந்து இறங்கியதும் முதல் முட்டு அந்த மரத்துக்குத்தான். காற்று அடித்து ஓய்ந்தபோது இரண்டே மரம்தான் விழுந்திருந்தது; அதற்குள் சந்தையும் திறந்துவிட்டார்கள். அந்தப் பெரிய குலையில் மட்டும் ஒரு சீப்பை அலுவலருக்கென்று எடுத்து வைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கூச்சமாக இருந்தது. மதினியிடம் கொடுத்தனுப்பினேன்.