நொச்சிக்காட்டுப்பாளையம் பேரூராட்சி ஆகட்டும்

பாவாத்தாளுக்கு மெதுவாகப் பேச வராது. பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் இருபது வருடம் நூல் சுற்றியவர்கள் யாருக்குமே வராது. தறிச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி, வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருக்கோடி வரை கேட்கும். அந்தக் குரலுக்காகவே காலனிக்காரர்கள் அவளை வார்டு மெம்பர் ஆக்கினார்கள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. உண்மையும் அதுதான். தண்ணீர் வராத அன்று ஊராட்சி அலுவலக வாசலில் நின்று அவள் ஒரு முறை கூப்பிட்டால் போதும், மோட்டார் போடுகிறவர் எச்சில் கையோடு ஓடி வருவார்.

நொச்சிக்காட்டுப்பாளையத்தில் ஊராட்சித் தலைவர் என்றால் பெரிய தோட்டத்துக் குமாரசாமி, இல்லாவிட்டால் அவருக்கு வேண்டியவர். சிறு வயதில் அம்மாவோடு அவர் தோட்டத்தில் களை வெட்டியவள் பாவாத்தாள். சுழற்சி முறையில் இந்தத் தடவை தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று அறிவிப்பு வந்ததும், காலனியில் அவள்தான் நிற்பது என்று ஒரே மூச்சில் முடிவானது. அவளுக்கு ஆசை இருந்ததா? இருந்தது, கொஞ்சநஞ்சமல்ல. "அதெல்லாம் எனக்கெதுக்குங்க" என்று வாயால் சொல்லிக்கொண்டே, அடுப்படியில் நின்று முதல் உத்தரவை யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதமே குமாரசாமிக்கு ஊர்மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. ஊராட்சியைப் பேரூராட்சி ஆக்க வேண்டும், கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும் என்றார். அப்படி ஆகிவிட்டால் ஊராட்சித் தலைவர் பதவியே இருக்காது. புது வார்டு, புது ஒதுக்கீடு, எல்லாம் முதலிலிருந்து. இதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

வம்பு என்னவென்றால், பேரூராட்சி நல்லதுதான். சாக்கடை வரும், தெருவிளக்கு வரும், குப்பை வண்டி வரும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் இனியாவே கேட்டாள்.

"ஏம்மா, சாக்கடை வேணும்னு நீயே எத்தன மனு குடுத்த? இப்ப வாரத வேண்டாங்கறதா?"

பதவி ஆசையில் ஊருக்குக் கெடுதல் நினைக்கிறோமோ என்று பாவாத்தாளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால், இத்தனை காலம் இல்லாத அக்கறை இவர்களுக்கு இப்போதுதானா வர வேண்டும் என்று கோபமும் வந்தது.

கிராம சபை பள்ளிக்கூட வளாகத்தில் கூடியது. குமாரசாமி மைக்கில் முன்னேற்றம், முன்னேற்றம் என்றார். நூறு நாள் வேலைக்குப் போகும் மாசாணியம்மாள் எழுந்தாள்.

"டவுன் ஆயிட்டா எங்க வேல போயிருமாமுங்க."

"அதுக்கு மேல வேல வருமுங்க," என்றார் நூல் கம்பெனி வைத்திருக்கும் சீனிவாசலு.

"எப்பங்க வரும்?"

அதற்கு அவரிடம் தேதி இல்லை. வீட்டு வரி கூடும் என்றார்கள் சிலர், மனை விலை ஏறும் என்றார்கள் சிலர். கடைசியில் எல்லாக் கண்ணும் பாவாத்தாள் மேல் வந்து நின்றது. அவள் வேண்டாம் என்றால், பதவிப் பைத்தியம் என்று ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிடலாம்.

"பேரூராட்சி வரட்டுமுங்க. நல்லதுதானுங்க," என்றாள், மைக் இல்லாமலே.

காலனிப் பெண்கள் திகைத்துப்போனார்கள். குமாரசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா, இத்தன வருசம் பொறுத்த ஊரு இன்னும் ஒரு அஞ்சு வருசம் பொறுக்கட்டுமுங்க. நான் நின்னு செயிச்சா, காலம் முடிஞ்சு எறங்கறப்ப இதே தீர்மானத்த நானே போட்டுக் குடுக்கறனுங்க. போன வருசமெல்லாம் தோணாதது இப்ப எதுக்குங்க இத்தன அவசரம்?"

தள்ளிப்போடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார், கூட்டத்தைக் கவனிக்க வந்திருந்த அதிகாரி. மாசாணியம்மாள் கை தூக்கினாள், பின்னாலேயே காலனி மொத்தமும் தூக்கியது. அது எதிர்பார்த்ததுதான். வீட்டு வரிக்குப் பயந்தோ வேறு எதற்கோ, குமாரசாமியின் மனைவி செல்லாத்தாளும் கை தூக்கியதைத்தான் ஊர் இன்னும் பேசுகிறது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டதாக அதிகாரி எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது குமாரசாமி அவள் பக்கம் வந்தார்.

"ஏன் பாவாத்தா, அஞ்சு வருசங் கழிச்சு நெசமாவே தீர்மானம் போடுவியா? இல்ல, நாற்காலி கெடச்சதும் மறந்துபோடுவியா?"

"கட்டாயம் போடறனுங்க," என்றாள். "அதுக்கு மொதல்ல நீங்க எனக்கு ஓட்டுப் போடோணுமுங்களே."