கிளி என் குரலுக்குத் தூங்கியது

பொழுது சாயும்போது பெரியம்மா கறுப்புக் கம்பளித் துண்டொன்றை உதறும் சத்தம் கேட்கும். கூண்டின் மூன்று பக்கமும் அதைச் சுற்றிவிட்டு, நாலாவது பக்கத்தில் விரல் நுழையும் அளவு இடம் விடுவார். முழு இருட்டென்றால் கிளி மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும். விளக்கின் ஒரு கீற்றாவது வேண்டும். கொய்யாத் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, "மல்கோ கிணி, மல்கோ" என்று கன்னடத்தில் தணிந்த குரலில் சொல்வார். தூங்கு கிளியே, தூங்கு. அவர் பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம். பிள்ளையில்லாதவர். அந்தக் கிளியிடம் மட்டும்தான் பிறந்த வீட்டுப் பேச்சில் பேசினார்.

ஐம்பதுகளின் நடுவில், தளிக்குப் பக்கத்தில் கரண்டு வராத ஊர் எங்களுடையது. பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது வீட்டின் நடுவே ஒரு மண்சுவர் எழுந்தது. அது கூரை வரை எட்டவில்லை. அந்தப் பக்கத்து வெளிச்சம், பேச்சு, தாளிக்கும் வாசனை எல்லாம் சுவர் ஏறி எங்கள் பக்கம் வரும். பெரியப்பா காலமான பிறகு அந்தப் பக்கம் பெரியம்மாவும் கிளியும் மட்டுமே இருந்தார்கள்.

எனக்குப் பதினேழு வயதில் தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருந்தது, பாக்கு வெற்றிலை மாற்ற நாளும் குறித்தாயிற்று. குறித்த நாளில் ஒருவரும் வரவில்லை. அப்பா போய் விசாரித்தபோது மாப்பிள்ளையின் மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார்: பெண்ணுக்கு இழுப்பு வரும் என்று உங்கள் அண்ணியே சொன்னார்களாம். எனக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை. அந்தப் பையனுக்குத் தன் தங்கை மகளைக் கொடுக்க வேண்டும் என்று பெரியம்மாவுக்கு ஆசை. அடுத்த முகூர்த்தத்தில் கொடுத்தும்விட்டார். பேச்சு ஊர் ஊராகப் பரவியது. அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்குப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. கிணற்றடியில் பெண்கள் என் கையையும் காலையும் உற்றுப் பார்த்தார்கள், எப்போது வெட்டி இழுக்கும் என்று.

அம்மா சண்டைக்குப் போகவில்லை. ஒரு நாள் மாலை அரிக்கேன் விளக்கின் திரியை ஏற்றிச் சுவரின் உச்சியில் வைத்தாள். உரலைச் சுவரோரம் உருட்டி வந்து சாமை குத்தத் தொடங்கினாள். அந்தப் பக்கம் "மல்கோ" என்ற சொல் வாயிலிருந்து வரும்போதெல்லாம் இந்தப் பக்கம் உலக்கை விழும். கிளி அலறும். மறுநாளும் அப்படியே. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"வாயில்லாச் சீவனோட உனக்கு என்னாத்துக்கு வழக்கு?"

"கிளிக்கும் எனக்கும் ஒரு வழக்கும் இல்ல. அது தூங்குனா அவ தூங்குவா. அவ தூங்கக் கூடாது."

எனக்கு அது இனித்தது. அலறல் கேட்கும்போதெல்லாம் வயிற்றில் சோறு விழுந்தது போல இருந்தது. அறுப்பு முடிவதற்குள் கிளி தன் மார்பு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு மாலை பெரியம்மா கூண்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"தங்கச்சி, இது என்ன பாவம் பண்ணுச்சு? நீயே தூங்க வெச்சிக்க" என்று கம்பளியோடு வைத்துவிட்டுப் போனார்.

அம்மா திகைத்துப்போனாள். கிளியை நான் ஏற்றுக்கொண்டேன். காற்றுப் படாத மூலை, கொய்யா, விளக்கின் கீற்று, எல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குத் தெரியும். குரலும் தெரியும். அவர் சொல்லை இழுப்பது போலவே இழுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி "மல்கோ கிணி" என்றேன். சில நாளில் அது ஒரு காலை மடக்கி, இறகை உப்பிக்கொண்டு, அலகை மெல்ல அரைத்தது. கிளி நிம்மதியாக இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். பிறகு தலையைத் திருப்பி முதுகில் புதைத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் பாத்திரம் உருளாது, மூச்சுக்கூடக் கேட்காது. அவர் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அம்மா பழிவாங்கியது உலக்கையால். எனக்கு உலக்கை தேவைப்படவில்லை.

குளிர்காலம் போவதற்குள் பெரியம்மா தாங்க முடியாமல் கிளியைத் திருப்பிக் கேட்டார். "ஊரு முன்னால உண்மையச் சொல்லு. எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் அம்மா. தங்கை மகளின் வாழ்க்கையை நினைத்து அவர் எத்தனையோ தயங்கியிருக்க வேண்டும். மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்த அன்று, அடுப்புகளுக்கு நடுவே எழுந்து நின்றார். "எங்க ஊட்டுப் பொண்ணுக்கு ஒரு நோவும் இல்ல. நாந்தான் பொய் சொன்னேன்." அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பெண்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அன்று மாலையே கூண்டு அந்தப் பக்கம் போயிற்று. பெரியம்மா கம்பளியைச் சுற்றினார், "மல்கோ" என்றார். கிளி கத்தியது. மறுபடி சொன்னார். இன்னும் கத்தியது. அது வேறொரு குரலை எதிர்பார்த்துக் கத்துகிறது என்று அவருக்கும் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"கண்ணு" என்று சுவருக்கு மேலாகக் கூப்பிட்டார். "ஒரே ஒரு தடவ வந்து சொல்லிட்டுப் போ கண்ணு."

நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். கையை எடுக்கவில்லை. அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "போய்ட்டு வாடி. அவதான் சொல்லிட்டாளே."

"நீ கேட்டதுக்கு ஊருகிட்டச் சொன்னாங்க. எங்கிட்டச் சொல்லல" என்றேன்.

அம்மாவே அந்தப் பக்கம் போனாள். இரண்டு பேரும் கூண்டின் இரு பக்கமும் உட்கார்ந்து மாறி மாறி அந்தச் சொல்லைச் சொல்வது கேட்டது. கொஞ்ச நாளில் கத்தல் குறைந்து, பெண்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசும் சத்தமே வந்தது. மன்னிப்பு முடிந்துவிட்டது போலும். கிணற்றடியில் என் கைகால்களைப் பார்த்தார்கள் ஊர்ப் பெண்கள். அம்மாவின் கைகால்களை அல்ல. எனக்காக மன்னிக்க அம்மாவுக்கு யார் உரிமை கொடுத்தது என்று அன்று கேட்டுக்கொண்டேன். இந்த வயதிலும் அதைத்தான் கேட்கிறேன்.

அடுத்த தையில் வேறொரு சம்பந்தம் வந்து நான் ஓசூருக்கு வந்துவிட்டேன். இன்று என் தெருவழியே தொழிற்சாலை ஷிப்டு பஸ்கள் போகின்றன; பொழுது சாய்வதே தெரிவதில்லை. பெரியம்மா போய்ப் பல வருஷம் கழித்து, அவருடைய தங்கை மகளை இங்கே பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நல்ல பெண், அவள் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள்.

"தெரியும். ஆள் அனுப்புனாங்க. நான் வரல" என்றேன்.

அவள் பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னலோரமாக அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.