காஷ்மீர் ஃபிரிட்ஜ்

நெய்வேலி நகரியத்தில் ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ராஜாங்கத்திடம்தான் ஒப்படைப்பார்கள். விற்றுக் கொடுத்து கமிஷன் வாங்கிக்கொள்வார். வாய்தான் அவருக்கு மூலதனம். அவர் விற்ற கட்டிலில் படுத்தால் நைட் ஷிப்ட்காரனுக்குப் பகலிலேயே சொர்க்கம் தெரியும். அவர் விற்ற பீரோவில் வைத்த பட்டுப்புடவைக்கு வயசே ஆகாது. கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். ஒருத்தரும் நம்பியதில்லை, ஒருத்தரும் சண்டைக்கு வந்ததுமில்லை.

அப்படிச் சண்டைக்கு முதல் ஆளாக வந்தவர் சத்யப்பிரியா டீச்சர். அவர் வாங்கிய ஃபிரிட்ஜ் பத்தே நாளில் படுத்துவிட்டது; உள்ளே இருந்த அம்மாவின் இன்சுலினும் வீண். தன் பிளாக்கிலேயே இருக்கும் வக்கீல் அறிவழகனைக் கையோடு கூட்டிவந்திருந்தார். ஏமாற்றுக்காரன் என்று வக்கீல் வாயால் ஒரு சொல் வந்துவிட்டால், அப்புறம் எந்த பிளாக்கிலும் ராஜாங்கத்தை நம்பி ஒரு முக்காலிகூடக் கொடுக்கமாட்டார்கள்.

“கதவத் தெறந்தா காஷ்மீர்னு சொன்னார் சார்” என்று டீச்சர் ஆரம்பித்தார்.

“நீங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா தெறந்தீங்க?” என்றார் வக்கீல். விற்கிறவன் சரக்கைப் புகழத்தான் செய்வான், அதற்கெல்லாம் சட்டம் குறுக்கே வராது என்றும் விளக்கினார். ராஜாங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆளுக்கொரு டீ சொல்லலாமா என்றுகூட யோசித்தார்.

வேறென்ன சொன்னார் என்று வக்கீல் கேட்டார்.

“கம்ப்ரசர் மாத்தினதான்னு கேட்டேன். கையே வைக்கலன்னார்.”

வக்கீலின் சிரிப்பு நின்றது. தெரிந்தே அப்படிச் சொல்லியிருந்தால் அது புகழ்ச்சியில் சேராது, மோசடி என்றார்.

போன கோடையில் அதே ஃபிரிட்ஜைக் கம்ப்ரசர் மாற்ற மெக்கானிக்கிடம் தூக்கிப் போனவரே ராஜாங்கம்தான். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. சொல்லவே இல்லை என்று சாதித்துவிடலாம். அதற்காக வாயைத் திறந்தார். இத்தனை காலம் சோறு போட்ட வாய் அன்றைக்கென்று ஒத்துழைக்கவில்லை.

“மாத்துனதுதாங்க” என்றார் கடைசியில். “தெரிஞ்சேதான் சொன்னேன். ஃபிரிட்ஜ வித்துக் குடுக்கச் சொன்னவரு அன்னிக்கே குவார்ட்டர்ஸ காலி பண்ணணும்னு நின்னுகினு இருந்தாரு.”

டீச்சர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. “அன்னைக்கு நீங்க பேசினதுல நான் நம்பினது அந்த ஒண்ணைத்தாங்க” என்றார்.

ராஜாங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. பணத்தோடு மருந்துக் காசையும் கொடுத்துவிட்டு, டீச்சர் வீட்டிலிருந்த ஃபிரிட்ஜைத் தள்ளுவண்டியில் கட்டித் தள்ளிக்கொண்டு போனார். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் ஃபிரிட்ஜ் எப்படி என்று விசாரித்தார்.

“காஷ்மீருங்க” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாலடி போனதும் ராஜாங்கம் வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

“கம்ப்ரசர் மாத்துனதுங்க. இப்ப அதுவும் போயிட்டுது.”