தட்டு முன்னால் இருந்தது

போன வருடம் மழைக்காலத்தில், புனேக்குப் பக்கத்தில் தளேகாவில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் எலிக்கூடத்தைக் கவனித்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். கூண்டின் அகலம், அறையின் சூடு, கடைசியில் கொல்லும் விதம் வரை எல்லாவற்றுக்கும் விதிமுறை உண்டு. அத்தனையும் எனக்கு மனப்பாடம். வேறெதுவும் எனக்குத் தெரியாது என்பது என் மனைவியின் கருத்து.

அங்கே மரபணுவை மாற்றிய எலிகள் இருந்தன. உடலை அசையத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருள் அவற்றின் மூளையில் சுரக்காது. பார்க்கின்சன் போன்ற நோய்களைப் புரிந்துகொள்ள அவை தேவைப்பட்டன. ஊசி மருந்து போட்டால் ஓடும், தின்னும். மருந்தின் வேகம் குறைந்ததும் தீனிக்குப் பக்கத்திலேயே பொம்மை போல நிற்கும். வாயில் வைத்தால் விழுங்கும். சிலவற்றுக்கு நானே ஊட்டியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் கலங்கினால், "பாவப்படாதீங்க, அதுக்குப் பசியே தெரியாது" என்று சொல்லி வேலைக்கு அனுப்புவேன்.

ஓய்வுக்குப் பிறகு அதே பார்க்கின்சன் என் மனைவிக்கு வந்தது. மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுத்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மெலிந்துகொண்டே வந்தாள். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் வைக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

அன்று காலை அவல் போஹா தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் தட்டு அப்படியே இருந்தது. பெங்களூரில் மகளிடம் போய்விடலாம் என்று அவள் கேட்டு நான் மறுத்திருந்தேன். அந்தக் கோபம் என்று நினைத்து, வேண்டாமென்றால் எடுத்துவிடட்டுமா என்று விறைப்பாகவே கேட்டேன்.

"பசி உயிர் போகுது. கைதான் கிளம்ப மாட்டேங்குது" என்றாள். பிறகு மெதுவாக, "எலிக்கெல்லாம் ஊட்டுனீங்கல்ல, எனக்கும் ரெண்டு வாய் போடுங்க."

கேலி செய்தாளா, தெரியவில்லை. அந்த நோய் முகத்தில் எதையும் காட்டவிடாது.

தட்டு காலியானது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது வேளாவேளைக்கு நான்தான் ஊட்டுகிறேன், குழாய் தேவைப்படவில்லை. அந்த எலிகளுக்குப் பசித்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை கரண்டியை அவள் உதட்டருகே கொண்டுபோகும்போதும், தீனிக்கு முன்னால் அசையாமல் நின்ற அந்தச் சின்ன உடல்கள் கண்ணில் நிற்கின்றன. பேச முடிந்திருந்தால் அவையும் இதையேதான் கேட்டிருக்குமோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.